படி ஏறுவாரா?

“விமானத்துப் படி ஏறுவாரா சார்?”

ஃபோனில் இருந்த விமானக் கம்பெனிப் பெண் இதை மூன்றாவது தடவை கேட்டாள். மகன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அப்பா சட்டையில் ஒரு கையை மாட்டிக்கொண்டு, இன்னொரு கைக்கு ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“அப்பா, படி ஏறுவீங்களான்னு கேக்கறாங்க.”

“கேக்குது. கால்தான் போச்சு, காது போகல.”

“ஏறுவீங்களா?”

“ஏறுவேன்னு சொல்லு.”

மகன் ஃபோனைக் கையால் மூடினான். “நேத்து நம்ம வாசப்படி ரெண்டு ஏற எவ்வளவு நேரமாச்சு?”

“அது நீ ஆள் வெச்சுக் கட்டின படி. ஒண்ணு ஒட்டகம், ஒண்ணு ஆமை. எவன் ஏறுவான் அதுல?”

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண். “வீல்சேர்ல மூணு விதம் இருக்கு சார். ரொம்ப தூரம் நடக்க முடியாது, ஆனா படி ஏறுவாங்க, அது ஒண்ணு. படி ஏற முடியாது, உள்ள சீட்டு வரைக்கும் நடந்துடுவாங்க, அது ரெண்டு. எதுவுமே முடியாது, தூக்கித்தான் உக்கார வைக்கணும், அது மூணு. எதைப் போடட்டும்?”

“ஒண்ணு!” மகனைத் தாண்டிக் கத்தினார் அவர். “ஒண்ணைப் போடும்மா.”

மகன் அவரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மணியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

காலை ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டிருந்தாள். அவள் இருப்பது விமானத்தில் இரண்டு மணி நேரத் தூரத்தில். அம்மாவின் சிறுநீரகத்துக்குத் தன் ஊரில்தான் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று ஏழு மாதம் முன்பு கூட்டிக்கொண்டு போனாள். இரண்டே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள். ஆஸ்பத்திரிக்காரன் எவன் சொன்ன தேதிக்கு விட்டிருக்கிறான்? இன்று காலை மகள் நீட்டி முழக்கவில்லை. “அம்மா மெஷின்லதான் மூச்சு விடறா. சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்னு சொல்றாங்க. நீ கிளம்புப்பா.” அவ்வளவுதான். பத்தே முக்கால் விமானத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. அதை அப்பாவுக்குப் போட்டான் மகன். அவன் சாயங்கால விமானத்தில் வருவதாக ஏற்பாடு.

நாற்பத்திரண்டு வருடம் தரையில் கல் ஒட்டியவர் அவர். பேரே டைல்ஸ்காரர்தான். மண்டி போட்டுச் சம்பாதித்தார், மண்டி போட்டே முழங்காலைத் தொலைத்தார். வலது கால் மடங்கினால் நிமிராது. இடது கால் நிமிர்ந்தால் மடங்காது. இரண்டும் ஒரு வீட்டில் இருக்கும் பங்காளிகள் மாதிரி, ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

இந்த ஏழு மாதத்தில் அவர் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. ரயிலென்றால் ஒன்றரை நாள், கால் தாங்காது. விமானமென்றால் தள்ளுவண்டி. என்னை எவனும் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனைவி சாயங்காலமானால் ஃபோன் பண்ணுவாள்.

“நாற்காலியில உக்காந்து வந்தா தலையில இருக்கற கிரீடம் எறங்கிடுமா?”

“எனக்குக் கிரீடம் வேற இருக்கா?”

“அதான் எறங்கவே மாட்டேங்குதே.”

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். கடைசி இரண்டு வாரம் அவளால் ஃபோனைப் பிடிக்க முடியவில்லை. மகள் காதில் வைப்பாள். இவர் இந்தப் பக்கமிருந்து கத்துவார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வரும்.

விமான நிலையத்து வாசலோடு மகனை நிறுத்திவிட்டார்கள். நாற்காலி தள்ள வந்தது ஓர் அம்மாள். ஐம்பது வயது இருக்கும், தடித்த ஷூ போட்டிருந்தாள்.

“ஆம்பளை யாரும் இல்லையா?” என்றார்.

“இருக்காங்க. மதியத்துக்கு மேல அவங்களையும் நான்தான் தள்ளணும். உக்காருங்க பெரியவரே.”

உட்கார்ந்தார். சக்கரம் நாலும் உள்ளங்கை அகலம்தான். உட்கார்ந்தவன் கையால் உருட்ட வழியில்லை. எவனோ வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“சீட்டைக் குடுங்க, காட்டணும்.”

“நானே காட்டறேன்.”

“அடையாளக் கார்டு?”

“அதையும் நானே காட்டறேன்.”

“சரி, அப்ப வண்டியையும் நீங்களே தள்ளிக்கறீங்களா?” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “பயப்படாதீங்க. இருபது வருஷத்துல நான் ஒருத்தரையும் தொலைச்சதில்ல.”

சக்கரம் டக் டக்கென்று இடித்தது. ஒரு கல் தூக்கி, ஒரு கல் தாழ்ந்து. ரசமட்டமே வைக்காமல் ஒட்டியிருக்கிறான். இத்தனை பெரிய கட்டடத்தில் தரையைக் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு இடிக்கும் முழங்காலில் ஊசி ஏறியது. சோதனை நடந்த இடத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையைத் தூக்கு, முன்னால் குனி, கொஞ்சம் இரு. ஒரு சுவரோரம் அவரை விட்டுவிட்டு, “இங்கயே இருங்க, வந்துடறேன்” என்று அந்த அம்மாள் போனாள். எங்கே போவது? சுவரைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் இருந்தார். இந்த இருபது நிமிடத்தில் மனைவி எத்தனை மூச்சு விட்டிருப்பாள் என்று எண்ணப் பார்த்தார். கணக்கு வரவில்லை.

விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்கும், அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் மகன் சொல்லியிருந்தான். இது வெயிலில், நடுமைதானத்தில் நின்றது. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். எதிரே படிக்கட்டு. கீழேயிருந்து பார்த்தால் உச்சியில் இருக்கும் கதவு தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது.

“ஏறுங்க பெரியவரே.”

“தூக்கற வண்டி ஒண்ணு இருக்காமே? பையன் சொன்னான்.”

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “உங்களுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. படி ஏறுவாருன்னு.”

அவள் ரேடியோ வைத்திருந்த இளைஞனிடம் போனாள். அவன் அதில் பேசினான், கேட்டான், உதட்டைப் பிதுக்கினான். “லிஃப்ட் வண்டி அந்தக் கோடியில வேற விமானத்துல நிக்குது. வர அரை மணி ஆகும். முன்னாடியே போட்டிருந்தா இங்க நின்னிருக்கும். ஏன்யா, போடலையா?”

“ஏறுவேன்,” என்றார் டைல்ஸ்காரர்.

கைப்பிடியைப் பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் வலது கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸில் வந்த கூட்டம் மொத்தமும் நின்று பார்த்தது. ஒரு குழந்தை, “தாத்தா ஏன் நிக்கறார்?” என்று கேட்டு அடி வாங்கியது.

அவர் திரும்பினார். படியிலேயே உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி மேல் படியில் வைத்தார். ஆறு. மறுபடி ஊன்றினார். ஏழு. இரும்புப் படி வெயிலில் வாணலி மாதிரி சுட்டது. வேட்டி கிழிந்தால் கிழியட்டும். எட்டு. முகம் கூட்டத்தைப் பார்த்தபடி, முதுகு விமானத்தைப் பார்த்தபடி, ஏறிக்கொண்டிருந்தார். ஒன்பது.

“ஐயா, ஐயா! அப்படியெல்லாம் ஏறக் கூடாது!” ரேடியோக்காரன் ஓடி வந்தான்.

“ஏன் கூடாது? நான் ஏறறது உன் தலையிலயா?”

“ரூல்ஸ் ஐயா. அவசரம்னா உங்களால இறங்க முடியாதுன்னு எழுதிடுவாங்க. மேல பாருங்க, மேடம் வேணாம்னு கை காட்டறாங்க.”

அவர் அண்ணாந்து பார்த்தார். கதவருகே நின்ற பெண் தலையை ஆட்டினாள்.

“பாதி வந்துட்டேன்டா,” என்றார். “இனிமே ஏறறதும் பாதி, எறங்கறதும் பாதிதான். ஏற விடேன்.”

அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது? “உங்களால விமானம் லேட்டாகுதுய்யா. இத்தனை பேர் இருக்காங்க.”

“என் பொண்டாட்டி சாகக் கிடக்கறா.”

இதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டம் தரையைப் பார்த்தது. ரேடியோக்காரன் மறுபடி ரேடியோவில் பேசினான். ரேடியோ கரகரவென்று ஏதோ சொன்னது. அவன் அதை அவரிடம் சொல்லாமல் குனிந்து, கக்கத்தில் கை கொடுத்தான்.

இரண்டு பேர் சேர்ந்து அவரை இறக்கினார்கள். கூட்டம் ஏறி முடித்தது. படிக்கட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலி அம்மாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தாள். அதே தரை, அதே டக் டக்.

அடுத்த விமானம் இரண்டு பத்துக்கு, யாரோ ரத்து செய்த இடம் ஒன்று அதில் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் புதிதாகச் சீட்டு அடித்தாள். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“படி ஏறுவீங்களா?”

“மாட்டேன்.”

“உள்ள சீட்டு வரைக்கும் நடப்பீங்களா?”

அவர் கவுன்டரின் ஓரத்தைப் பார்த்தார்.

“மாட்டேன்.”

அவள் தட்டினாள். மெஷின் சீட்டைத் துப்பியது. அவ்வளவுதான் வேலை. மூன்று மணி நேரத்துக்கு முன்பு மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதே வேலைதான் ஆகியிருக்கும்.

நாற்காலிகள் வரிசையாக நிற்கும் மூலையில் அவரையும் நிறுத்தினாள் அந்த அம்மாள். “சாப்பிட ஏதாவது வாங்கட்டுமா?” வேண்டாமென்றார். மகளுக்கு ஃபோன் பண்ணலாமென்று எடுத்தார். என்ன சொல்வது? திரும்பப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். ஒன்றே காலுக்கு அதுவே அடித்தது.

“எங்கப்பா இருக்க?”

“ஏர்போர்ட்ல.”

“எறங்கிட்டியா? வெளிய உன் மாப்பிள்ளை நிக்கறாரு, பாரு.”

“எறங்கல. கிளம்பின எடத்துலயேதான் இருக்கேன்.”

மகளுக்குப் பின்னால் யாரோ ஏதோ கேட்டார்கள், அவள், “இருங்க” என்று சொன்னது கேட்டது.

“அம்மா போயிட்டாப்பா,” என்றாள். “பத்து நிமிஷம் ஆச்சு.”

“ம்.”

“நான் காதுல சொன்னேன். அப்பா பிளேன்ல ஏறிட்டாரும்மா, வந்துட்டே இருக்காருன்னு.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“கேட்டாளா?”

“தெரியலப்பா.”

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் வைத்த பிறகும் எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருத்தர், “லைன் கட்டாயிடுச்சுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார்.

ஒன்றே முக்காலுக்கு அவரைப் பெட்டி மாதிரி இருந்த வண்டிக்குள் ஏற்றினார்கள். வண்டி அப்படியே மேலே எழும்பிக் கதவுக்கு நேராக நின்றது. குறுகலான இன்னொரு நாற்காலிக்கு மாற்றினார்கள். நெஞ்சில் ஒரு வார், தொடையில் ஒரு வார். நாலு பேர் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். ஒரு சிராய்ப்பு இல்லை, ஒரு வலி இல்லை. எல்லாம் ஏழே நிமிடத்தில் முடிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தரை. மருமகன் வாசலில் கிடந்த நாற்காலியைக் கொண்டுவந்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றான். அவர் தானாகவே அதில் உட்கார்ந்தார்.

மூன்றாம் மாடி நடையில் மகள் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிச் சுவரோடு வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ட்ராலி நின்றது. கீழே வண்டி வந்து நிற்பதாகச் சொல்லி வார்டு ஆள் ட்ராலியின் கம்பியைப் பிடித்திருந்தான்.

“பக்கத்துல விடுங்க மாப்பிள்ளை,” என்றார்.

மருமகன் தள்ளினான். நாற்காலியின் கை ட்ராலியில் இடித்து நின்றது. துணியை அவரே விலக்கினார். நின்றிருந்தால் குனிய வேண்டியிருக்கும், குனிந்திருந்தால் நிமிர முடிந்திருக்காது. இப்போது மனைவியின் முகம் அவர் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இளைத்துப்போயிருந்தாள். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வாயில் குழாய் ஒட்டியிருந்த இடத்தில் கன்னத்தில் பிளாஸ்திரிப் பசை இரண்டு கோடாக அப்பிக் கறுத்துக் கிடந்தது. எவனும் துடைக்கவில்லை.

“இத யாரு இப்படி விட்டது?” என்றார்.

கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். அவள் கன்னத்தில் வைத்து மெதுவாக உருட்டினார். புதுத் தரையில் கல்லின் ஓரத்தில் காய்ந்த சிமென்ட் பாலை எடுக்கும்போது இப்படித்தான் எடுப்பார், நகம் படாமல், கல்லில் கீறல் விழாமல். கொஞ்சம் திரிதிரியாக வந்தது.

“பெரியவரே, கீழ வண்டி நிக்குது,” என்றான் வார்டு ஆள்.

“நிக்கட்டும்.”

மறுபடி விரலை நனைத்துக்கொண்டார். இன்னொரு கோடு பாக்கி இருந்தது.