ஒச்சம்மாள் அத்தை அள்ளாத சாணி

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஜெகபர் அலி, தீபாவளி விடுமுறை முழுக்கத் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து எங்கள் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாட்டுச் சாணிக்கு வரும் கறுப்பு வண்டுகளின் இறக்கைக்கு அடியில் நூல் நுனி மாதிரி ஒரு புழு குடியிருந்தது. உலகத்தில் யாரும் பார்க்காத புழு என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அகப்பட்டதெல்லாம் பெண். ஆண் புழுவின் வாலை வரைந்து காட்டினால்தான் புது இனம் என்று ஒத்துக்கொள்வார்களாம். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது.

"பொட்டப்புழுவா இருந்தா பேர் வைக்க மாட்டாகளாக்கும்?" என்று கேட்டாள் ஒச்சம்மாள் அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

வண்டு கூட்டமாக வர வேண்டுமானால் சாணி ஒரு ராத்திரி கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. வாத்தியார் வருமுன்பே அத்தை தொழுவத்தை வழித்து, தண்ணீர் தெளித்து, முன்னால் கோலமும் போட்டு, நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுவாள்.

"அக்கா, சாணிய அள்ள வேணாமுன்னு நேத்தே சொன்னேனே," என்றார் வாத்தியார்.

"சொன்னீகய்யா. அதுக்காக? வந்த மனுசரச் சாணியில ஒக்கார வச்சேன்னு ஊரு பேசவா?"

மறுநாளும் கோலம். இந்தத் தடவை தாமரை.

சனிக்கிழமை அப்பா அவரை வைக்கோல் படப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க விருந்தாளியா இருக்கிற மட்டும் அது அள்ளத்தான் செய்யும். கொழம்பக் குத்தம் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, இலையை வழித்த பிறகு வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா... குழம்புல உப்பில்ல."

அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அப்பிடியா," என்றாள் அத்தை. அவ்வளவுதான்.

அவர் கிளம்பிப் போனதும் ஒரு கூடைச் சாணியைக் கொண்டுவந்து, நாற்காலி போடும் இடத்தில் கவிழ்த்தாள்.

"சாணியிலயே ஒக்காரட்டும்! நாக்கு செத்த மனுசன்!"

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி இல்லை, கோலம் இல்லை. சாணி முழுக்க வண்டு. வாத்தியார் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குந்தினார். ஊசியால் ஒவ்வொரு வண்டின் இறக்கையையும் தூக்கி, உள்ளே இருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பெண். பெண். மறுபடியும் பெண். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு கத்தல்:

"ஆண்! அக்கா, ஆண்!"

அடுத்த வீட்டு அய்யம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "யாருக்குடி பிரசவம், ஒச்சம்மா? சொல்லவே இல்ல?"

பேசுவதில்லை என்றிருந்த அத்தைக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வந்து கண்ணை வைத்தாள். வாலடியில் இரண்டு முள்ளோடு அது நெளிந்தது.

"இம்புட்டூண்டு இருக்கான்."

"குழம்பு அருமையா இருந்துச்சுக்கா," என்றார் வாத்தியார், சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து. "சாணி வேணுமுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

அத்தை மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "இந்த யோசனைய யாரு குடுத்தா?"

அப்பா அதற்குள் வரப்பில் பாதி தூரம் போயிருந்தார். ஜெகபர் அலி பென்சிலை எடுத்து, எதுவுமே காதில் விழாதவர்போல வாலை வரைய ஆரம்பித்தார்.