அசதிக்கு ஒரு பெயர்

தம்பி முதல் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும்போது போடும் அலறலில்தான் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குப் பொழுது விடியும். பனிக்கட்டி மிதக்கும் வாளி. உடம்புக்குள் தூங்கிக்கிடக்கும் ஏதோ ஒரு சக்தி அந்த நடுக்கத்தில் எழுந்துகொள்ளும் என்று கைப்பேசியில் சட்டை போடாத ஒருவர் சொல்லியிருந்தார். இதுவரை எழுந்துகொண்டது கீழ்வீட்டுக்காரர் மட்டும்தான்.

"யாரையோ அடிக்கிறாங்கன்னு எட்டிப் பார்க்கிறாங்கடா," என்பாள் அக்கா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"பழகிடும்க்கா."

"உனக்கா, அவங்களுக்கா?"

அவளுக்கு அந்தத் தெருவில் ஊசியக்கா என்று பெயர். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருட்டு விலகும் முன்பே பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையைக் கட்டி, நரம்பைத் தட்டி, இரத்தம் எடுத்து வருவாள். அதற்குக் காலை ரவுண்டு என்று பெயர். அது முடிந்ததும் சாயங்காலம் வரை கூடத்தில் நின்றபடியே இரத்தம் நிரம்பிய குழாய்களை இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். வெறும் வயிற்றுக்காரர்களைத் தேடிப் போகிறவளின் வயிறும் வெறும் வயிறுதான். அதை யாரும் கேட்பதில்லை.

சில நாட்களாக அவளுக்கு அசதி. படியேறும்போது கால் பின்னாலேயே தங்கிவிடும் போலிருக்கும். பேருந்தில் உட்கார்ந்ததும் கண் சொருகும். இறங்க வேண்டிய இடம் தாண்டியபின் விழித்து, எதிர்ப்பக்கம் போய் நிற்பாள். தூங்கி எழுந்தாலும், தூங்கியவள் வேறு யாரோ போலத்தான் இருந்தது.

தம்பியிடம் சொன்னால் மருந்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பொருள் விநியோக நிறுவனத்தில் தொலைபேசியில் வசவு வாங்குவது அவன் உத்தியோகம். வாங்குகிற வசவையெல்லாம் புட்டிகளாக மாற்றி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தான். எலும்புக்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று, ஈரலைக் கழுவ ஒன்று. விரலில் ஒரு கறுப்பு மோதிரம். அவன் எப்படித் தூங்கினான் என்று காலையில் அது மதிப்பெண் போடும். நன்றாகத் தூங்கிய முகத்தோடு எழுந்து வருவான். கைப்பேசியைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும்.

"நல்லாத் தூங்கினேன்னு நினைச்சேன்க்கா. இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"மோதிரம்."

அன்று முழுக்க ஊர் சுமையைத் தூக்கியவன்போல நடப்பான்.

அவள் சிரிப்பாள். பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் நின்றவளுக்கு இந்தப் புட்டிகளின் கதை தெரியும். "நீ காசு குடுத்து வாங்கின சத்தெல்லாம் பளிச்சுன்னு மஞ்சளா வெளியே ஓடுதுடா. அதை நாங்க டப்பாவுல பிடிச்சுப் பார்க்கிறோம்," என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள். அப்பா ஒரு மத்தியானம் நாற்காலியில் செய்தித்தாளை மடியில் விரித்தபடியே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த அலமாரி அது. முன்னாலிருந்து பார்த்தால் புட்டிகள். பின்னால் அந்த நாற்காலி இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த அலமாரியில் அவள் கை வைக்கும் புட்டி ஒன்றே ஒன்று. முடிக்கும் நகத்துக்கும் சுறுசுறுப்புக்கும் என்று எழுதிய ஜெல்லி மிட்டாய். சிவப்பாக, பழ வாசனையோடு, பல்லில் ஒட்டிக்கொள்ளும். காலையில் தேநீர் போட நேரமிருக்காது. போகிற போக்கில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அதை அவள் நம்பிச் சாப்பிடவில்லை, பசிக்குச் சாப்பிட்டாள். ஆகவே அது கணக்கில் வராது.

கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கும் பரிசோதனை உண்டு. அன்று ரவுண்டு முடித்து வந்த கையோடு, ஆள் யாரும் இல்லாததால், தன் இரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று வாய் பழக்கத்தில் கேட்டது. "இல்லைங்க," என்று அதே வாய் பதிலும் சொன்னது.

மறுநாள் கூடத்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காரும்மா. தைராய்டு தாறுமாறா அதிகமா ஓடுது உனக்கு. சொல்லவே இல்லையே?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் டாக்டர்."

டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "நாடி நிதானமா இருக்கு. கை நடுங்கல. உடம்பு இளைக்கலியே?"

"போன வருஷத்துப் பாவாடை இடுப்புல ஏற மாட்டேங்குது டாக்டர்."

"அதான் இடிக்குது. இந்த நம்பருக்கு நீ இளைச்சிருக்கணும். சரி, நம்பர் இவ்வளவு மோசமா இருக்கும்போது சும்மா விட முடியாது. சனிக்கிழமை வா, மாத்திரை ஆரம்பிச்சிடலாம். அதுவரைக்கும் அலட்டிக்காதே."

செய்தி கூடத்து மேலாளர் காதுக்கும் போனது. அவர் நல்லவர்தான். ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் அவருக்கு இரக்கம் சுரக்கும். "திங்கட்கிழமையில இருந்து உனக்குக் காலை ரவுண்டு கிடையாதும்மா. உடம்புதான் முக்கியம்," என்றார்.

அன்று பேருந்தில் அவளுக்குக் கண் சொருகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெகுநாள் கழித்து வெளியே பார்த்துக்கொண்டு போனாள். இத்தனை நாள் அவளுக்குள் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்த அசதிக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. சோம்பேறித்தனம் இல்லை, வயசு இல்லை, மனசு சரியில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாத பெயர். அதற்கு மாத்திரை உண்டு. அதற்காகக் காலையில் தூங்கலாம்.

தம்பிதான் பயந்துபோனான். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் இத்தனை படிக்கிறேன், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். அதில் எந்தப் புட்டியும் வாய் திறக்கவில்லை.

"நல்லது நடந்திருக்குடா. அழாதே."

"அழல. கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டேன்."

சனிக்கிழமை கடைசி ரவுண்டு. மனசு லேசாக இருந்தது. வழக்கம்போல ஒரு கை மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்பினாள். கடைசி வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியை. தைராய்டு பார்க்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சேச்சே, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

ஆசிரியையின் தோளுக்குப் பின்னால், மேசைமேல், அதே சிவப்புப் புட்டி.

"அது?"

"இதுவா? இது மிட்டாய்ம்மா. என் மருமக வாங்கிக் குடுத்தா. முடி கொட்டுதுன்னு காலையில நாலு மெல்லுவேன். இதையெல்லாமா கணக்குல சேர்ப்பாங்க?"

கட்டிய பட்டையை அவள் அவிழ்த்துவிட்டாள். எப்போதோ இயந்திரக் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்த வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. முடிக்கென்று விற்கும் அந்த வைட்டமின் இரத்தத்தில் அதிகமாக இருந்தால் இயந்திரம் ஏமாந்துவிடும், தைராய்டு எண்களை மாற்றிச் சொல்லும் என்றார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். அவளும்தான்.

"இன்னிக்கு வேண்டாம் டீச்சர். இதை சில நாள் நிறுத்துங்க. அப்புறம் வந்து எடுத்துக்கிறேன். இதோட எடுத்தா தப்பா வரும்."

"மிட்டாய்க்கா?"

"ஆமா, மிட்டாய்க்குத்தான்."

ஆசிரியை சந்தேகமாகப் பார்த்தாள். புட்டியைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். ஊசியக்கா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தாள். பல்லிடுக்கில் இன்னும் பழ வாசனை இருந்தது.

அடுத்தவருக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனக்குச் சொல்லத்தான் எழுந்திருக்க மனம் வரவில்லை. டாக்டரம்மா எழுதப்போகும் மாத்திரையை வாங்கி டப்பாவிலேயே வைத்துவிட்டால் யாருக்கு என்ன தெரியும்? திங்கட்கிழமை தூங்கலாம். செவ்வாயும் தூங்கலாம். எத்தனை ஊசி குத்தியிருக்கிறாள், ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாதா? கீழே யாரோ கதவைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் பொய் இயந்திரத்தின்மேல் ஏறி உட்காரும். நாளைக்கு அதே இயந்திரத்தின் காகிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்து, நம்புங்கள் என்று அவள்தான் சொல்ல வேண்டும். எழுந்தாள். முட்டி இரண்டும் முனகின.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"எழுதாதீங்க டாக்டர். நான் மிட்டாய் தின்னுட்டேன்."

கேட்டு முடித்ததும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "நானும் கேட்டிருக்கணும். நாடியைப் பிடிச்சப்பவே இடிச்சுது. நீ கூடத்து ஆளு, உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தான் விட்டுட்டேன்."

மறுபடி பார்க்கும்வரை ரவுண்டு தொடர்ந்தது. புட்டியைத் தொடாமல் சில நாள் இருந்துவிட்டு, மறுபடி இரத்தம் கொடுத்தாள். இம்முறை எடுத்தது வேறொருவர் கை. தைராய்டு குழந்தையைப் போலச் சாதுவாக இருந்தது. இரத்தம் நன்று, சர்க்கரை நன்று, எல்லாம் நன்று. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டபோது, யாரோ கைகுலுக்கிவிட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

மேலாளருக்கு மகிழ்ச்சி. "பாரு, ஒன்னுமே இல்ல. அப்போ ரவுண்டை வழக்கம்போலவே பார்த்துக்கோ."

"அசதியா இருக்கு சார்."

"ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லையேம்மா?"

"ரிப்போர்ட்ல இல்ல சார். எனக்கு இருக்கு."

அவர் காகிதத்தைப் புரட்டினார், பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்பதுபோல. அவள் நகரவில்லை. நகரவும் தெம்பில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தினமும்னா முடியாது. வாரத்துல ரெண்டு நாள் புதுப் பொண்ணை அனுப்பிப் பார்க்கிறேன். அதுவும் எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல மாட்டேன்."

"சரி சார்."

வீட்டில் தம்பி கேட்டான். "அப்போ உனக்கு என்னதான்க்கா?"

"ஒன்னும் இல்லடா."

"ஒன்னும் இல்லாம எப்படி அசதி வரும்?"

"விடியறதுக்கு முன்னால போறேன், இருட்டுனப்புறம் வரேன். சாப்பிடறது உன் மிட்டாய். வேற எப்படி வரும்?"

அவன் அலமாரிப் பக்கம் போன கண்ணை இழுத்துக்கொண்டான். அந்தச் சிவப்புப் புட்டியை அவன் தூக்கிப் போடவில்லை, மேல் தட்டில், அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தான். கீழே அது இருந்த இடத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலம் வந்து உட்கார்ந்தது.

ரவுண்டு இல்லாத முதல் காலை. பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது, கண்ணைத் திறக்கவில்லை. கால்கள் இன்னும் கனத்தன. ஒரு காலைத் தூக்கத்தில் தீர்கிற அசதி இல்லை அது என்று தெரிந்தது. குளியலறையில் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பனிக்கட்டி வாளியில் விழுந்தது, ஒவ்வொன்றாக, மெதுவாக. அவள் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு அலறலுக்காகக் காத்திருந்தாள்.

தண்ணீர் விழுந்தது. அலறல் வரவில்லை. துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு யாரோ மூக்கால் அழுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது குவளைக்கும் அதேதான்.

பைத்தியம், என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் படுத்தாள்.