உப்பு மட்டும் தெரிந்த நாட்கள்

கூரியர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள், மழையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து எழுந்தாள், நடந்தாள், பேசினாள். வாசனை மட்டும் போய்விட்டது.

"தலைக்கு வந்தது மூக்கோட போச்சு," என்று சிரித்தாள்.

வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்த கணவன் சமையலை ஏற்றுக்கொண்டான். அவளுக்கு ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. "மூளைல அடிபட்டவங்க இதயத்தையும் கவனிக்கணும். மாத்திரை எழுதித் தரேன், உப்பையும் பாதியாக் குறைங்க," என்றார் டாக்டர். அவன் அளந்து அளந்துதான் போட்டான். ஆனாலும் அடுத்த இரண்டு பரிசோதனையிலும் அழுத்தம் இறங்கவில்லை.

ஒருநாள் ஜிப் தைக்க அவள் கைப்பையை எடுத்தான். உள்ளே உப்புப் பொட்டலம், பாதி காலியாக.

"என்ன இது?"

அவள் தலைகுனிந்தாள். "எதைத் தின்னாலும் ஈரக் காகிதம் மாதிரி இருக்குங்க. உப்பு ஒண்ணுதான் நாக்குக்குத் தெரியுது. நீங்க ஆசையாச் சமைக்கிறீங்க, எப்படிச் சொல்றது?"

"அதுக்காக உசுரோட விளையாடுவியா?" கத்திவிட்டான். பிறகு ஜிப்பைத் தைத்து முடித்துப் பையை அவளிடமே கொடுத்தான்.

மறுநாள் மதியம் துணி கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவன் பெருமையாகச் சமைத்த காய்கறி வெறும் வெதுவெதுப்பான களிமண்.

பேன்ட் அளவு கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். "என்ன மாஸ்டர், மூக்கை ஆல்டர் பண்றீங்களா?"

அன்றிலிருந்து கிளிப்போடுதான் ருசி பார்த்தான். காயைக் குழையவிடாமல் இறக்கினான். எலுமிச்சை பிழிந்தான், மிளகு தூவினான், உப்பில்லாமல் வறுத்த கடலையை மேலே போட்டான். சிலதை வாயில் வைக்க வழியில்லை. ஒருநாள் பால் கருகியது இருவருக்குமே தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"வீட்ல ஒரு மூக்காவது வேலை செய்யட்டுங்க, கழட்டுங்க," என்றாள் அவள்.

குளிர்ந்த தயிரில் வெள்ளரியும் கடலையும் போட்டுக் கொடுத்த அன்று நிதானமாக மென்றாள்.

"கடிக்கிறது காதுல கேக்குது. இன்னும் கொஞ்சம் போடுங்க."

கைப்பையில் இருந்த உப்புப் பொட்டலத்தை அவளே எடுத்து அடுப்படியில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து அழுத்தம் இறங்கியிருந்தது. வாசனை திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், தினமும் நடங்கள் என்றார்.

வெளியே வந்தவள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தாள்.

"பஸ் வருதும்மா!"

"வரட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டி நடந்தான்.