மோட்டாரை நிறுத்துனீங்களா?

என் வாயைப் பற்றி மஞ்சக்குட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயைக் கொஞ்ச காலமாகக் கட்டிப்போட்டிருந்தேன். எல்லாம் என் வீட்டுக்காரர் வேலுசாமிக்காக.

அவர் ஜீப் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையிறங்கும்போது பிரேக் கருகிப் பிடிக்காமல் போய், ஜீப்பைப் பாறையில் மோதி நிறுத்தினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி கருப்பண்ணன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எது கருகும் வாசனை வந்தாலும் மனிதர் அப்படியே விறைத்து நின்றுவிடுவார். சிலர் மந்திரிக்கச் சொன்னார்கள். சேலத்து டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். மூளையில் ஆபத்துக்கு மணியடிக்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். விபத்து முடிந்துபோனது அதற்கு இன்னும் தெரியாதாம். வாசனை வந்ததும் இப்போதே நடக்கிறது என்று மணியடிக்கிறதாம். இது வேறு நாள் என்று அதற்கு உணர்த்த வேண்டுமாம். எனக்குப் பாதிதான் விளங்கியது. அதட்டாமல் இருந்தால் போதும் என்று, இழவு வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகவே பேசிவந்தேன்.

போன மாதம் எங்கள் மகள் புவனாவுக்கு மூச்சிளைப்பு முற்றியது. தூசி படிந்து கிடந்த ஜீப்பை அவரே எடுத்து, ஏற்காடு ஆஸ்பத்திரி வரை ஒழுங்காக ஓட்டினார். அங்கே பார்த்துவிட்டு, சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு கீழே போயிருந்தது, திரும்பும்வரை இருக்கச் சொன்னார்கள். எனக்கு எங்கே பொறுமை? வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பாதி மலையில், முன்னால் இறங்கிய லாரியிலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தது. கொண்டை ஊசி வளைவின் நடுவிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார். கண் திறந்திருந்தது, நான் அதில் இல்லை. மேலிருந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குவது கேட்டது. மடியில் புவனாவின் மூச்சு சீட்டியடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. பயத்தில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, காலைல தண்ணி மோட்டாரை நிறுத்துனீங்களா இல்லீங்களா? தொட்டி வழிஞ்சு ஊட்டைச் சுத்தியும் சேறாயிருக்கும். எத்தன வாட்டிதான் உங்களுக்குச் சொல்றது?"

மோட்டார் இந்தத் தையில்தான் வாங்கினோம். கருப்பண்ணன் செத்த நாளில் அது கிடையாது. இதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது வாய்க்கு வந்ததைக் கேட்டேன், அவ்வளவுதான்.

அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"மறந்துட்டேன் புள்ள" என்றார்.

கியர் விழுந்தது. அடிவாரம் வரை நான் வாயை மூடவில்லை. மோட்டாரில் தொடங்கி அவருடைய அக்காள் வரை ஒருவரையும் விடவில்லை.

புவனா தேறி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். அடிப்பிடித்த வாசனை வந்ததுதான் தெரியும். கண் முன்னால் அந்த வளைவு. காதில் அந்த மூச்சு. வாசலில் புவனா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு எட்டவே இல்லை. கரண்டியைப் பிடித்த கை மரத்துப்போயிருந்தது.

வேலுசாமி வந்து அடுப்பை அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனிதர்.

"ஏம்புள்ள, பாலைத் தீய வுட்டுட்டு அங்க என்ன பார்வை? இந்தச் சட்டியை யாரு தேய்க்கறது, உங்கப்பனா?"

கரண்டி கீழே விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றேன்.