புத்தகத்தில் நின்ற பயிர்

மன்னார்குடி தெப்பக்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். ஓர் எழுத்து பொய்யில்லை. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை.

கழக ஆட்சி வந்து இரண்டு வருஷம் போன பிறகு, குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. பேர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் இறக்க முடியாது. எங்கள் ஊரில் முதலில் கிளம்பியவர் வைரக்கண்ணு. மிராசுதார் வாஞ்சிநாதனின் வாய்க்காலோர நிலத்தை அப்பன் காலத்திலிருந்து உழுகிறவர். “ஆமாம், இவன்தான் சாகுபடி” என்று மிராசுதார் ஒப்புக்கொண்டால் போதும்.

வாஞ்சிநாதன் யோக்கியர். மாட்டேன் என்று தன் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. வைரக்கண்ணு போனபோது அவர் கூடத்து ஊஞ்சலில், தலையணை கனத்தில் ஒரு நாவலை மடியில் வைத்திருந்தார். ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைக் கதை. படிக்காதவர்கள் எல்லோரும் ஒரே குரலில் புகழ்கிற பழைய நாவல்.

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன், வைரக்கண்ணு. இதை முடிச்ச அன்னிக்கு நானே வண்டி கட்டிண்டு வந்து கையெழுத்துப் போடறேன். ஒண்ணை முடிக்காம இன்னொண்ணைத் தொடறது எங்க வம்சத்துலயே கிடையாது.”

வைரக்கண்ணு வரப்பின் அகலத்தைப் பார்ப்பதுபோலப் புத்தகத்தைப் பார்த்தார். “ஒரு போகத்துக்குள்ள முடிஞ்சிடுங்களா சாமி?”

“பேஷா முடியும். அடையாளம் வைக்க ஒரு வைக்கோல் கொண்டா.”

களத்திலிருந்து வைக்கோல் வந்தது. தினமும் சாயங்காலம் வைரக்கண்ணு வாசலில் நின்று, வைக்கோல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முதலில் தினம் ஒரு பக்கம். உயர்ந்த இலக்கியத்தை அள்ளி விழுங்கக்கூடாது என்று பிறகு அரைப் பக்கம். கொசு கடித்தால் கவனம் சிதறிவிட்டது என்று மறுபடி மேலிருந்து. அப்புறம் கதையில் ஒரு பெரியப்பா செத்துப்போனார். வாஞ்சிநாதன் புத்தகத்தை மூடி, தலை முழுகி, பத்து நாள் தீட்டுக் காத்தார். சொந்தப் பெரியப்பா செத்தபோது மூன்றாம் நாளே சீட்டாடப் போன மனிதர்.

வைரக்கண்ணுவின் சம்சாரம் ராசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏய்யா, அஞ்சு தலைமுறைன்னா எத்தனை சாவு இருக்கும்? நம்ம சாவும் அதுலதான் வருமா, கேட்டுட்டு வா.”

சாவாவது பரவாயில்லை. ஆவணியில் கதைக்குள் ஒரு கல்யாணம் வந்தது. குத்தகைக்காரன் வழக்கமாகக் கல்யாணத்துக்குத் தருகிற வாழைத்தாரும் பூசணிக்காயும் எங்கே என்று மிராசுதார் ஆள் அனுப்பினார். வைரக்கண்ணு கொடுத்தார். பொண்ணு மாப்பிள்ளை இருவரும் காகிதம் என்பதால் மிராசுதாரே சாப்பிட்டார்.

நியாயம் கேட்கப் படிப்பகத்துக்குப் போனார் வைரக்கண்ணு. கிளைச் செயலாளர் செல்லதுரை கறுப்பு சிவப்புத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு யோசித்தார். மேடையில் உழைப்பவன் உயர்வைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவர்.

“அண்ணே, படிங்க படிங்கன்னு ஊர் ஊரா சொல்றதே நம்ம கட்சிதான். ஒருத்தன் படிக்கிறான், அதை நிறுத்துங்கன்னு நாமளே கொடி புடிச்சா நல்லாவா இருக்கும்?”

“நிறுத்தச் சொல்லலைங்க. வேகமா படிக்கச் சொல்லுங்க.”

“அது தலைமைக் கழகத்துல கேக்கணும்.”

இந்த நிலையில் அடைமழை பிடித்தது. மிராசுதார் வீட்டு ஓடு ஒழுகி, ஊஞ்சலில் கிடந்த புத்தகம் ஊறிப்போனது. அந்த வைக்கோலில் அடிக்கத் தப்பிய நெல்மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறைக்கு நடுவே அது முளைத்தது. நான் கண்ணால் பார்த்தேன். நல்ல சம்பாப் பயிர், கரும்பச்சை.

பயிரைக் கண்டால் சும்மா இருக்க வைரக்கண்ணுவால் முடியாது. களை பறித்தார். தண்ணீர் தெளித்தார். கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினார். முன்னுரையிலிருந்து கூட வேர் சத்து எடுக்கிறது என்று பெருமைப்பட்டார். தூர் வெடித்துப் புத்தகம் இரண்டு பக்கமும் பிதுங்கியது.

வாஞ்சிநாதனுக்கு ஆனந்தம். “நிக்கற பயிர்டா! பக்கத்தைத் திருப்பினா வேர் அறுந்துபோகும். அந்தப் பாவத்தை நான் பண்ணமாட்டேன். அறுப்பு ஆகட்டும், படிக்கறேன்.”

ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “வயல்லதான் நமக்குன்னு ஒண்ணும் இல்ல. இப்ப அய்யரு புத்தகத்துலயும் கூலியில்லாம களை எடுக்குறியா?”

தை பிறக்கும் முன்பு, பதிவு அதிகாரி இராஜாங்கம் ஊருக்கே வந்து விசாரணை வைத்தார். அன்று தவறினால் அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வாஞ்சிநாதன் ஊஞ்சல் பலகையோடு புத்தகத்தைத் தூக்கிவரச் செய்தார். அத்தனை பேர் முன்னால் தன் நேர்மையை நிரூபிக்க ஆசை.

“நான் படிக்கமாட்டேன்னு சொல்லலை சார். நீங்களே பாருங்கோ, பயிர் நிக்கறது.”

இராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “புத்தகம் யாருதுங்க?”

“என்னோடது. காசு குடுத்து வாங்கினது.”

“பயிர்?”

“அவனோடது. நான் ஒரு சொட்டுத் தண்ணி விட்டதில்லை. விதை அவனுது, களை எடுத்தது அவன், எரு போட்டது அவன். வேணும்னா ஊரைக் கேளுங்கோ.”

“கல்யாணத்துக்கு வாழைத்தார்கூடக் குடுத்தோமுங்க,” என்றாள் ராசம்மாள், பெண்கள் பக்கத்திலிருந்து.

“அதையும் வாங்கிண்டேன். நான் எதையும் மறைக்கற ஆள் இல்லை.”

“ரொம்ப சரி,” என்றார் இராஜாங்கம். “சொத்து உங்களுது, சாகுபடி அவருது, வழக்கமான வரும்படியும் வாங்கியிருக்கீங்க. இதுக்குப் பேருதான் குத்தகை. நிலமும் இதே கணக்குத்தானே? ஒரு கையெழுத்துப் போடுங்க.”

வாஞ்சிநாதன் சுற்றிலும் பார்த்தார். ஊர் சுற்றி நின்று பார்த்தது. நேர்மையாளராக வந்தவர் நேர்மையாளராகவே பேனாவை வாங்கிப் போட்டார். செல்லதுரை அப்போதுதான் மாலையோடு வந்து, தன் போராட்டம் வென்றது என்று முழங்கினார். புத்தகத்தில் விளைந்ததை அறுத்துப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. கொஞ்சம் மை வாசனை.

தெப்பக்குளத்திலிருந்து கரையேறிச் சொல்வதானால், அந்தக் கையெழுத்து விழவேயில்லை; வைரக்கண்ணு அந்தத் தை மாதமே நிலத்தைவிட்டு இறக்கப்பட்டு, பூதலூர் ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, அங்கேயே செத்துப்போனார்.