மூன்று தரம் கூப்பிடும் நிரல்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைச் சாவிக்காகக் காத்திருந்தபோது, மேனேஜரும் ஒரு பெண்ணும் போட்ட சண்டை காதில் விழுந்தது. என் கைமுதல் அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது. கடைவீதியில் வளர்ந்தவன். சும்மா வந்த சரக்கை மூடையின் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

[உற்சாகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். இதில் வருகிற எல்லோருக்கும் களைப்பு. எழுதுகிறவனுக்கும்தான்.]

2

முதல் தொடக்கம்: "மலையிலிருந்து சாரல் இறங்கி வந்த ஒரு ஆடி மாத..."

வேண்டாம். சீசனில் சாரல் எல்லோர் தலையிலும்தான் விழுகிறது.

இரண்டாவது தொடக்கம்: பேராச்சி அறிக்கையின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டாள்.

இது இருக்கட்டும்.

பேராச்சிக்கு வயது முப்பத்துமூன்று. தென்காசியில் டைல்ஸ் கடை மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியில் அவளும் ஒருத்தி. ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் சேர்ந்த ஒரு சங்கம் அவர்களிடம் செயலி கேட்டிருந்தது. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்கிற வாழ்நாள் சான்றை அரசுக்கு வருடம் ஒருமுறை அனுப்ப வேண்டும். போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். சங்கத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.

சான்றை அரசின் இணையச் சேவைக்குக் கொண்டு சேர்க்க 'தூது' என்று ஒரு லைப்ரரி இருந்தது. யாரோ எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்த நிரல். எடுத்து நம் வேலையில் பொருத்திக்கொள்ளலாம். அதை நம்பலாமா என்று ஒன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் பேராச்சி. அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பெட்டி. கீழே அவள் கையெழுத்து.

[அவளுடைய அப்பாவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க நினைத்தேன். ரிட்டயர்டு ஏட்டு, முழங்கால் வலி. பிறகு அடித்துவிட்டேன். அது மாங்காயைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைக்கிற வேலை.]

3

முதலாளி விஜய்பாண்டி காய்கறிக் கமிஷன் குடும்பத்துப் பிள்ளை.

"என்ன விலைக்குத் தாரான்?"

"விலையே கிடையாது அண்ணாச்சி. சும்மாதான்."

"சும்மான்னா பெறகு எதுல புடிப்பான்?"

"எதுலயும் புடிக்க மாட்டான்."

"வெளங்கும்! விலை சொல்லுதவன்ட்டத்தான் குறைச்சுக் கேக்க முடியும். இவன்ட்ட என்னத்தப் பேச?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். "நாமளே எழுதுனா மூணு மாசம் ஆவும். சங்கத்துக்காரர் அதுக்குள்ள மதுரைல ஆளப் பாத்துருவாரு. இந்த மாடியக் காலி பண்ண வேண்டியதுதான். நீ பாத்து டிக் போடு தாயி."

பார்த்தாள். நெட் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சான்றை அனுப்பினாள். தூது அரசுச் சேவையைக் கூப்பிட்டது, பதிலில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டது. மூன்றாம் தரமும் கூப்பிட்டது. பிறகு பச்சை டிக் போட்டு, 'முடிந்தது' என்று எழுதியது.

பதினான்கு முறை செய்து பார்த்தாள். பதினான்கும் பச்சை.*

* பச்சையைப் பார்த்துவிட்டுப் பெரியவர் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போவார். சான்று போகவில்லை என்பது பென்ஷன் நின்றபிறகுதான் தெரியும்.

4

தூதை எழுதியவர் பெயர் குற்றாலீஸ்வரன். நான்கு வருடமாக அதைத் தொடவில்லை. தொடர்புக்கு இருந்த நம்பரைக் கூப்பிட்டால், "ரூம் ஏசியா, சாதாவா?" என்று கேட்டது. பேராச்சி குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். இனி வருவது என் காதால் கேட்டது.

"அண்ணே, பதிலே வரல. முடிஞ்சதுன்னு எழுதுது."

"மூணு தரம் கூப்பிடுதுல்லா?"

"கூப்பிடுது."

"எவனும் வாயத் தொறக்கலேல்லா? அப்ப முடிஞ்சதுதான். எங்கய்யா பாவூர்சத்திரத்துல முப்பது வருசம் ஏலம் விட்டாரு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மறுபேச்சு இல்லன்னா வெண்டைக்கா வண்டியேறிரும்."

"அங்கன ஆளு எதுத்தாப்ல நிக்கான். இங்கன ஆளு இருக்கானான்னே தெரியாதே!"

இப்போது லாட்ஜ் மேனேஜராகிவிட்ட குற்றாலீஸ்வரன் ஈரத் துண்டுகளை மடித்து அடுக்கினார். "மொதல்ல செவப்புதாம்மா வச்சிருந்தேன். அந்தச் சேவை மத்தியானமானா பதிலே பேசாது. சான்று பாதி நேரம் போய்ச் சேந்திருக்கும், பதில் மட்டும் வராது. செவப்பப் பாத்துட்டு ஊருபட்ட ஆளு போன் பண்ணி ஏசுனான். குளிக்க விடல, திங்க விடல. பச்சையா மாத்துனேன். அன்னையோட போன் நின்னுட்டு."

"பென்ஷன் எத்தன பேருக்கு நின்னுதோ?"

"சும்மா குடுத்தவன்ட்ட இவ்வளவு கேக்கியே, காசு வாங்குதவன்ட்ட என்னைக்காவது கேட்டிருக்கியா?"

அவள் பேசவில்லை. அவர் அதை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஆளிடம் சாவியை நீட்டினார்.

அடுத்த ஆள் நான்தான்.

5

திறந்த நிரலில் யாரும் கை வைக்கலாம். பேராச்சி வைத்தாள். இப்போது மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் மஞ்சள் வரும்: 'போனதா என்று தெரியாது. நேரில் கேளுங்கள்.'

"கடை வாசல்ல 'தெரியாது'ன்னு போர்டு வச்சா எவம்மா உள்ள வருவான்?" என்றார் விஜய்பாண்டி.

"உள்ளது அதான் அண்ணாச்சி."

"உள்ளதச் சொல்லியா யாவாரம் பண்ணுதோம்? நாளைக்குப் பத்து மணிக்குச் சங்கத்துக்காரர் வாராரு. பழைய பச்சையவே வச்சு 'ஆம்'ல டிக் போடு. பெறகு பாத்துக்கிடலாம்."

[அவரை வில்லனாக்க முயன்றேன். ஐந்து பேர் சம்பளத்தை முதுகில் சுமந்து நிற்கிற ஆள் வில்லனாக மாட்டேன் என்கிறார்.]

6

முடிவு அ: பச்சையோடு 'ஆம்' போடுகிறாள். சான்றுகளெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன, ஏழு பேருடையதைத் தவிர. அந்த ஏழில் ஒருவர் திருவேங்கடத்தில் மழைக்குக் காத்திருக்கிற...

எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: 'இல்லை' போடுகிறாள். மாடி காலியாகிறது. மதுரையில் வேறொருவர் அதே தூதை, அதே பச்சையோடு எடுத்துப் பொருத்துகிறார்.

முடிவு இ: மஞ்சளோடு 'ஆம்'. சங்கத் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்து, "உள்ளதச் சொல்லுத மெசின இப்பதான் பாக்கேன்" என்கிறார். நல்ல முடிவு. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது; என் கையில் நல்ல சரக்கு எப்போதும் மூடையின் மேலேதான் இருக்கும், அடியில் இருக்காது.

இப்போது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. மாடிப்படியில் செருப்புச் சத்தம். பட்டாளத்துப் பழக்கம், இரண்டு நிமிடம் முன்னாலேயே சங்கத்துக்காரர் வந்துவிட்டார். பேராச்சியின் விரல் விசையின்மேல் இருக்கிறது. உங்களைத்தான் கேட்கிறேன், அவள் எதை அழுத்தட்டும்?

ஒரு தரம்.

ரெண்டு தரம்.

மூன்றாவது தரத்தை நான் சொல்லமாட்டேன். நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்றே எனக்குத் தெரியாது.