அரை ஏக்கர் மொட்டைமாடி

“இன்னா சார், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இது கீரையா, பெட்ரூமா?” தோட்டக்கலை அதிகாரியின் மேசைமேல் முளைக்கீரைக் கட்டை ஓங்கி அடித்தார் தாயம்மா.

“கத்தாதீங்கம்மா! கீரைதான். ஆனா ரெக்கார்டுல உங்க நிலம் வீட்டுமனை. மனையில விவசாயம்னு நான் எப்படிச் சான்று தர்றது?” என்று அதைவிட உரக்கக் கத்தினார் அதிகாரி செல்வகுமார். முப்பத்து நான்கு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பாரிவாக்கத்தில் தாயம்மாவின் அரை ஏக்கருக்குள் உரமூட்டையோ பூச்சிமருந்தோ நுழைந்ததில்லை. இருந்தும் எதிர் அபார்ட்மெண்ட்காரர்கள், வைகாசிக்குள் இயற்கைச் சான்று காட்டாவிட்டால் கேட்டுக்குள் கூடையே வரக்கூடாது என்றுவிட்டார்கள். தாயம்மாவுக்கு வேறு வாடிக்கை கிடையாது. புருஷன் வேலுசாமியோ நிலத்தை மனையாக மாற்றிவைத்துவிட்டு, விற்காமலே போய்ச் சேர்ந்தார். மறுபடி வயலாக்க எந்த ஆபீசிலும் படிவமே இல்லையாம்.

“வீடு இருந்தா மாடித்தோட்டம்னு தரலாம்” என்று செல்வகுமார் சும்மா இராமல் சொல்லித் தொலைத்தார்.

“மாடி எவ்ளோ ஒசரம் இருக்கணும்?”

விதிமுறையைப் புரட்டினார். “அது போடலியே...”

அடுத்த முகூர்த்தத்திலேயே, பழைய மரக்கடை ஹாஜா மொய்தீன் பாய் கொடுத்த வாசக்காலைக் கீரைப்பாத்தி நடுவே நட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் காய்ச்சினார் தாயம்மா. சுவர் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவே வாசக்காலுக்கு வெளியே செருப்பை விட்டு, வலதுகால் வைத்துத்தான் கீரைக்குள் போனது. பக்கத்து வீட்டு நாகவல்லி பரிசாகக் கொண்டுவந்தது சுவர்க்கடிகாரம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போனாள்.

ஆய்வுக்கு வந்த செல்வகுமார் விழித்தார். “மாடி எங்கம்மா?”

“நீ நிக்கிறதே மாடிதான் நைனா. கீழ் ஊடுதான் இன்னும் கட்டல.”

தாயம்மாவின் மகள் யுவராணி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அரை ஏக்கரை அளக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் அளக்க வந்தவர் டேப்பே கொண்டுவரவில்லை.

வைகாசி கடைசி வெள்ளி சான்று கைக்கு வந்தது: மாடித்தோட்டம், உயரம் பூஜ்யம். அதைப் படித்த அபார்ட்மெண்ட் செயலாளர், எதிரே இருந்த வயலைப் பார்த்துக்கொண்டே, “உங்க மாடி ரொம்பப் பெருசும்மா” என்று கேட்டைத் திறந்துவிட்டாராம்.

ஆவணியில் யுவராணிக்கும் செல்வகுமாருக்கும் கல்யாணம். மாமியாருக்கே சான்று கொடுத்தார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, அவரைச் செய்யாறுக்கு மாற்றிவிட்டார்கள். இருவரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். கடிதம் போட்டது நான் இல்லை.